என் லேப்டாப்ல ஓடுச்சே!

போன லீவில் தமிழ்ச் சொற்களை எண்ணும் ஒரு குட்டி புரோகிராமை சி-யில் எழுதி, டெபியன் பேக்கேஜாகவும் கட்டினேன். கட்டுரைப் போட்டிக்கு எழுதும் பிள்ளைகள் விரல் விட்டு எண்ண வேண்டாமே என்றுதான். என் லேப்டாப்பில் கில்லி மாதிரி ஓடியது.

திருமங்கலம் பக்கம் ஒரு ஸ்கூலில் தமிழ் டீச்சராக இருக்கிறாங்க எங்க அத்தை. "எங்க லேப்ல ராஸ்பெர்ரி பை இருக்குடா, வந்து போட்டுக் குடு"ன்னாங்க. போனேன். லேப்டாப்பில் கட்டிய பேக்கேஜ் ஏஎம்டி64-க்கு உரியது. பையில் இருப்பது ஆர்ம்64. சேராது. சரி, அங்கேயே மறுபடி கட்டினேன். ஒரு எரர்கூட வரவில்லை. பிள்ளைகள் சுற்றி நிற்க, ஒரு பொண்ணு டைப் செய்து வைத்திருந்த கட்டுரையைத் திறந்தேன்.

சொற்கள்: 0.

"அப்ப நான் ஒண்ணுமே எழுதலையாண்ணே?" என்று கேட்டது அந்தப் பொண்ணு. எல்லாரும் சிரித்தார்கள். அது சிரிக்கவில்லை.

பெரியார் பஸ் ஸ்டாண்ட் வந்து இறங்கும்வரை அதே யோசனை. ராத்திரிதான் பிடிபட்டது. யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ் எழுத்தின் முதல் பைட் 224. எக்ஸ்86 லினக்ஸில் கேரக்டர் டைப்பின் எல்லை -128 முதல் 127 வரை. அதனால் 224 அங்கே -32 ஆகிவிடும். "மைனஸ் வந்தால் தமிழ்" என்று எழுதியிருந்தேன். ஆர்ம் லினக்ஸில் அதே டைப் 0 முதல் 255 வரை. மைனஸே வராது, தமிழே கிடையாது! எப்படி வைப்பது என்பதை சி மொழி கம்பைலரிடமே விட்டுவிட்டது. அதனால் இரண்டு மெஷின் மேலும் தப்பில்லை, தப்பு என்னுடையது.

அன்சைன்டு என்று மாற்றி, 128-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்ததும் சரியானது. கேரக்டரை அன்சைன்டாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஃப்ளாக் ஜிசிசியிலேயே உண்டு. அதைப் போட்டிருந்தால் என் லேப்டாப்பிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர் 2018-இல் லினக்ஸை ஓட்டியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகை. 2025-இல் வந்த டெபியன் 13-இல் அந்த ஆர்க்கிடெக்சருக்கும் அதிகாரபூர்வ இடம் கிடைத்துவிட்டது. அங்கேயும் கேரக்டர் அன்சைன்டுதான். ஆக, "என் லேப்டாப்ல ஓடுது" என்பது இனி பதிலே இல்லை. க்யூஎமுவில் மற்ற ஆர்க்கிடெக்சர்களையும் ஓட்டிப் பார்க்கலாம், காசு செலவில்லை.

ஆனா கட்டினால் மட்டும் போதாது மக்களே, கட்டும்போதே டெஸ்டும் ஓடணும். என் பேக்கேஜில் அன்றைக்கு ஒரு டெஸ்ட்கூட இல்லை. இப்போது இருக்கிறது. முதல் டெஸ்ட், அந்தப் பொண்ணிடம் கேட்டு வாங்கிய அதே கட்டுரை. அதற்கு 0 வந்தால் பில்டு நின்றுவிடும்.