மலையடிவாரத்துப் பரண்

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் சாலையில் விக்கிரமசிங்கபுரத்தை நெருங்கும்போது மேற்கே பொதிகை மலை முழு உயரத்துக்கு எழுந்து நிற்கும். நதியுண்ணிக் கால்வாயும் கன்னடியன் கால்வாயும் கோடைமேலழகியான் கால்வாய்களும் தாமிரபரணித் தண்ணீரைப் பங்கிட்டு நெல்லும் வாழையும் விளைவிக்கிற பூமி இது. மலையை நெருங்க நெருங்க ஆற்றுப் பாசனம் விலகி, குளமும் கிணறும் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. அதற்கும் மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சில இடங்களில் வாழைத்தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதைதான் இடைவெளி. அந்த ஓரத்தில் பயிர் விளையும் காலங்களில் நாலு காலில் நிற்கிற பரண்களைப் பார்க்கலாம். அவற்றைக் கட்டுகிறவர்களையும், இரவெல்லாம் அவற்றில் விழித்துக் கிடக்கிறவர்களையும் தேடித்தான் போயிருந்தேன்.

என்னைக் கூட்டிப்போனவர் அறுபதைக் கடந்த பெரியவர். குலத்தொழிலாகக் கூரை வேய்ந்தவர். ஊரெல்லாம் காங்கிரீட் வீடு வந்தபிறகு பந்தலும் பரணும்தான் மிஞ்சிய வேலை. ஒத்தாசைக்கு மருமகன். வாழை குலை தள்ளத் தொடங்கியிருந்த ஒரு குத்தகைத் தோட்டத்தில் அன்றைக்கு வேலை.

இடம் பார்ப்பதுதான் முதல் காரியம். பெரியவர் தோட்டத்தின் நடுவில் நிற்கவில்லை. நேரே காட்டை ஒட்டிய மேற்கு வரப்புக்கு நடந்தார். ஏன் இங்கே என்று கேட்டேன்.

“ராத்திரி காத்து மலையில இருந்து கெழக்க எறங்கும் தம்பி. மேக்கால ஆள் உக்காந்தா நம்ம வாடை தோட்டம் பூரா போகும். பன்னிக்குக் கண்ணு மட்டம், மூக்குதான் எல்லாம். உள்ள கால் வைக்கும்போதே ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிரணும்லா.”

காப்புக்காட்டில் ஒரு கம்பு வெட்டினாலும் வழக்கு. அதனால் கால்களுக்குக் கடையில் வாங்கிய சவுக்கு, இல்லாவிட்டால் சொந்த வரப்பில் நிற்கிற பூவரசும் வேம்பும். வயிரம் பாய்ந்த பனங்கட்டை கிடைத்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. கரையான் லேசில் ஏறாது. மண்ணுக்குள் போகிற மூன்றடியைத் தீயில் வாட்டிக் கரியாக்கி, அதன்மேல் பழைய என்ஜின் ஆயில் தடவுகிறார்கள். குழியின் அடியில் தட்டையான ஓடைக்கல் ஒன்றைக் கிடத்தி அதன்மேல்தான் காலை நிறுத்துகிறார்கள். கல் இல்லையென்றால் ஐப்பசி மழையில் மண் ஊறி ஏதாவது ஒரு கால் இறங்கிவிடும். ஒரு கால் இறங்கினால் பரண் மொத்தமும் சரியும். சல்லியும் மண்ணுமாக மாற்றி மாற்றிக் கொட்டி, கடப்பாரையின் மொட்டை முனையால் மருமகன் இடித்துக்கொண்டே இருந்தார்.

நாலு காலும் செங்குத்தாக நிற்பதில்லை. அடியில் அகன்று, மேலே போகப் போகச் சாண் அளவுக்கு உள்வாங்கும். பக்கத்துக்கு இரண்டு கம்புகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்துக் கட்டுகிறார்கள். ஆட்டத்தைத் தாங்குவது இந்தச் சாய்வுக் கம்புகள்தான்.

கட்டுதான் இந்த வேலையின் உயிர். முழுப் பரணிலும் ஒரு ஆணி கிடையாது. பச்சைக் கம்பில் ஆணி அடித்தால் காயும்போது கம்பு வெடிக்கும். ஆடிக் காற்றில் பரண் அசைய அசைய ஆணித்துளை பெரிதாகும். நார்க்கட்டு அசைவுக்கு இடம் கொடுக்கும், ஆனால் பிடியை விடாது. முந்தின நாளே ஊறப்போட்ட பனைநாரை எடுத்து, காலும் குறுக்குக் கம்பும் சேர்கிற மூலையில் பெரியவர் மூன்று சுற்று ஒரு பக்கமாகச் சுற்றினார். பிறகு மூன்று சுற்று எதிர்ப்பக்கமாக. அதன்பின் நாரை இரண்டு கம்புக்கும் நடுவில் நுழைத்து, முன்பு போட்ட சுற்றுகளையே நெரிக்கும்படி இரண்டு சுற்று. ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பில் காலை உதைத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தார். கடைசியில் ஒரு குச்சியை உள்ளே சொருகி முறுக்கி, குச்சியையும் சேர்த்துக் கட்டிவிட்டார். ஈர நார் வளைந்து கொடுக்கும், காயக் காய இறுகும். நைலான் கயிறு சுலபமாகக் கிடைக்கிறதே என்றதற்கு, “அது வழுக்கும். ரெண்டு கோடை வெயில் பட்டா பொடிஞ்சிரும்” என்றார்.

மேல்தட்டுக்குப் பிளந்த மூங்கில் வரிச்சுகளை விரல் நுழையும் இடைவெளி விட்டுப் பரப்புகிறார்கள். அந்த இடைவெளி வழியாக மழைத்தண்ணீர் வடியும். கீழே நடமாடுகிற அரவமும் மேலே வரும். அதன்மேல் வைக்கோலும் சாக்கும். தலைக்குமேல் தென்னங்கீற்று. இடுப்பளவுக்கு மூன்று பக்கம் தட்டி. தோட்டத்தைப் பார்த்த கிழக்குப் பக்கம் திறப்பும் ஏணியும்.

எவ்வளவு உயரம் என்பதை எந்த மிருகம் வருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. பன்றிக்கு மட்டும் என்றால், இலைக்கு மேலே கண் போகிற அளவு, பத்துப் பன்னிரண்டு அடி போதும். பன்றி ஏறாது, வாழைக்கிழங்கைத் தோண்டவும் கடலைக்கொல்லையைப் புரட்டவும்தான் வருகிறது. கரடி அப்படி இல்லை, மரம் ஏறும். அதனால் கால்களில் ஆள் உயரத்துக்கு உடைமுள்ளைச் சுற்றிக் கட்டுகிறார்கள். ஏறியதும் ஏணியை மேலே இழுத்துக்கொள்கிறார்கள். சிறுத்தைப் பயமும் உண்டு. 2024 மே மாதத்தில் இந்தப் பகுதியின் வேம்பையாபுரத்தில் வனத்துறை வைத்த கூண்டுகளில் சிறுத்தைகள் பிடிபட்டதை எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள்.

யானை வருகிற இடத்தில் நாலு கால் பரண் கட்டுவதே இல்லை. அங்கே தும்பிக்கை எட்டாத உயரத்தில் மரத்தின்மேல்தான் பரண். அதுவும் யானைத் தடத்துக்கு நேரே கூடாது, ஒதுங்கித்தான் இருக்க வேண்டும். சத்தம் கொடுக்கலாம், ஆனால் அது திரும்பிப் போவதற்கு வழி விட்டிருக்க வேண்டும் என்பது பெரியவர் கண்டிப்பாகச் சொல்லும் விதி. காட்டுக்குள்ளே சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழிப் பக்கம் வாழ்கிற காணி மக்களின் ஏறுமாடம்தான் இந்த மரப்பரணுக்கு மூத்தது. பெரிய மரத்தின் கவட்டில் குடிசை. கிளைகளைக் கணுவோடு ஒட்ட நறுக்காமல் காலூன்றும் அளவுக்கு விட்டுவைத்த ஒற்றை மூங்கில்தான் அதற்கு ஏணி.

உலகம் அதிகம் கேள்விப்பட்டது வேட்டைக்காரனின் பரணைத்தான். 125 பேரைக் கொன்றதாகப் பதிவான ருத்ரபிரயாகைச் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926இல் சுட்டது கோலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்துப் பரணிலிருந்து. அதே கார்பெட் முதுமையில் கென்யாவுக்குக் குடிபோனார். அங்கே 1932இல் ஒரு அத்திமரத்தின்மேல் கட்டப்பட்ட ‘ட்ரீடாப்ஸ்’ விடுதியில், 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் விலங்குகளைப் பார்க்கத் தங்கியபோது கார்பெட்டும் உடனிருந்தார். தந்தை ஆறாம் ஜார்ஜ் இறந்து இளவரசி அரசியானது அந்தத் தங்கலின்போதுதான். துப்பாக்கிக்காக உயர்ந்த மேடை, பார்த்து மகிழ்வதற்கான மேடையாகவும் மாறியதற்கு அந்த மரம் ஒரு சாட்சி.

இங்கேயும் ஒரு மாற்றம் நடந்தது. முண்டந்துறை 1962இல் புலிகள் சரணாலயமானது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் களக்காடு சரணாலயம். 1988இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வேட்டைப் பரண் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. காவல் பரண் நிலைத்தது. இரண்டுக்கும் கம்பு ஒன்று, கட்டும் ஒன்று; நோக்கம்தான் நேர் எதிர். வேட்டைக்காரன் வாடையை மறைப்பான், மூச்சை அடக்குவான், வெளிச்சம் காட்டமாட்டான். அவன் இந்தத் தோட்டத்தில் பரண் கட்டியிருந்தால் கிழக்கு ஓரத்தில்தான் கட்டியிருப்பான். காவல்காரன் மேற்கே உட்கார்ந்து, நான் இங்கே இருக்கிறேன் என்று வாடையாலும் சத்தத்தாலும் வெளிச்சத்தாலும் இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்தச் சத்தத்துக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. பரணிலிருந்து நாலு திசைக்கும் கயிறு போகிறது. தோட்டத்துக்குள் நட்ட குச்சிகளில் பழைய எண்ணெய்த் தகரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கல்லோ இரும்புத்துண்டோ தொங்கும். எந்த மூலையில் சலசலப்போ அந்தக் கயிற்றை இழுத்தால் அந்த மூலைத் தகரம் அதிரும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனத்துப் பரணில் இருந்து கிளி ஓட்டுகிறார்கள். தழல், தட்டை, குளிர் என்று அவர்கள் கையிலிருந்த கருவிகளின் பேரும் அதில் வருகிறது. தட்டை என்பது பிளந்த மூங்கிலைத் தட்டி ஓசை எழுப்புவது. ஈராயிரம் ஆண்டுகளில் மூங்கில் போய்த் தகரம் வந்திருக்கிறது. பயிரைக் காக்க விரட்டினால் போதும், கொல்ல வேண்டாம் என்ற அறிவு அப்படியே இருக்கிறது.

இருட்டியதும் குத்தகைக்காரர் வந்து ஏறினார். நானும் கூட ஏறினேன். பகலெல்லாம் தண்ணீர் பாய்ச்சிய உடம்பு. தலையில் ஹெட்லைட், பக்கத்தில் ஒரு தூக்குவாளியில் கடுங்காப்பி. அரைமணிக்கு ஒருதரம் எழுந்து கயிறுகளை இழுத்தார், வெளிச்சத்தைச் சுற்றிலும் வீசினார்.

“கொலை தள்ளுனதுல இருந்து வெட்டுற வரைக்கும் இப்பிடித்தான் அண்ணாச்சி. ஒருநா கண்ணசந்தோம்னா வருசத்துப் பாடு போச்சு. நானும் வீட்டுல உள்ளவளும் மாறி மாறி வருவோம். பன்னி மேல கோவப்பட்டு என்ன செய்ய? அதுக்கும் வயிறு இருக்குல்லா. ஆனா நமக்கும் தூக்கம்னு ஒண்ணு இருக்கே.”

தூக்கத்தைச் சொன்ன அந்த வாக்கியம்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சாரம். பரணுக்கு ஆகும் கம்பும் நாரும் கூலியும் பெரிய செலவல்ல. அதில் செலவாகிறது மனிதனின் உறக்கம். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

உறக்கத்தைக் கொடுக்க முடியாதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். அந்த வழிகள் கொடியவை. திருட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவதும் இரைக்குள் வெடி பொதிந்த அவுட்டுக்காய் வைப்பதும் பன்றியோடு நிற்பதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. அவற்றின் குட்டிகள் இரண்டு பக்கத்திலேயே நின்றன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி பற்றி அரசு ஒரு முடிவு அறிவித்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறை சுடலாம். காட்டு ஓரத்துக்கு அந்தத் தடை தேவை என்றே நானும் நினைக்கிறேன். புலிக்கும் சிறுத்தைக்கும் இரை வேண்டும். ஆனால் நான் ஏறியிருந்த பரணும் அதைப்போன்ற பிறவும் அந்த முதல் கிலோமீட்டருக்குள்தான் நிற்கின்றன. அங்கே விவசாயிக்குக் கூண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. சோலார் வேலி போட வசதியுள்ளவர் போடுகிறார். மற்றவர்களுக்குப் பரண்தான்.

விலங்கு அழித்த பயிருக்கு நிவாரணம் உண்டு. அழியாமல் காத்த பயிருக்கு ஒன்றும் இல்லை. இரவெல்லாம் விழித்து ஒரு பன்றியையும் கொல்லாமல், ஒரு குலையையும் இழக்காமல் விடிகிற மனிதர் காட்டுக்கும் நாட்டுக்கும் சேர்த்து வேலை செய்கிறார். அந்த வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும். 1990களிலேயே இந்தக் காப்பகத்தைச் சுற்றி கிராம வனக்குழுக்கள் அமைந்து, விறகுக்குக் காட்டை நம்பியிருந்தவர்களுக்கு மாற்றுத் தொழிலுக்காகக் கடன் கொடுத்த அனுபவம் உண்டு. அதே குழுக்கள் வழியாக, விளையும் மாதங்களில் முறைவைத்துக் காவல் இருப்பவருக்கு இராக்கூலியும், பரண் கட்டக் கம்பும், கட்டுகிறவருக்குக் கூலியும் கொடுக்க முடியும். நாலு தோட்டத்துக்கு ஒரு பரண் என்று சேர்ந்து கட்டினால், மூன்று வீட்டுக்காரர் தூங்க ஒருவர் விழித்திருந்தால் போதும்.

மலைமேல் காடு இருப்பதால்தான் தாமிரபரணியில் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரைத் திருநெல்வேலி வரைக்கும் தூத்துக்குடி வரைக்கும் எல்லோரும் குடிக்கிறோம். காட்டை வைத்திருப்பதன் செலவை மட்டும் மலையடிவாரத்தில் குத்தகைக்கு வாழை போட்ட ஒரு குடும்பம் தன் உறக்கத்தால் கட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் பங்கு இருக்கிற நமக்கு அந்தச் செலவிலும் பங்கு இருக்கிறது.