காலிப்பர் கம்பியில் கேட்ட பாட்டு

1933 மே மாதம். நியூயார்க்கில் விக்டர் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஜிம்மி ராட்ஜர்ஸ் ஒரு பாட்டைப் பாடி முடிப்பார், போய்ப் படுப்பார், மூச்சு சீரானதும் எழுந்து வந்து அடுத்ததைப் பாடுவார். 1924-இல் கண்டுபிடிக்கப்பட்ட காசநோய் அதற்குள் நுரையீரலைத் தின்றிருந்தது. அந்த மாதம் 26-ஆம் தேதி இறந்துபோனார். வயது 35. கன்ட்ரி மியூசிக் என்று உலகம் சொல்லும் கிடார் பாட்டுக்கு அவர்தான் தகப்பன் என்பார்கள். பாட வருவதற்கு முன் அவர் பார்த்தது ரயிலில் பிரேக்மேன் வேலை.

ரயில், கட்டில் இரண்டுமே எனக்கு வீட்டு விஷயம். அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். எனக்குக் குழந்தையிலேயே போலியோ. வலது காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி, இடது கையில் ஊன்றுகோல் என்று பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை எல்லாம் முடித்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு வலி வந்தது. இடுப்பில் தொடங்கி முழங்கால் வரை எரியும், சில நாள் நல்ல காலிலும் எரியும். போஸ்ட் போலியோ என்றார் டாக்டர். போலியோவில் செத்துப்போன நரம்புகளின் வேலையையும் சேர்த்துப் பார்த்த மிச்ச நரம்புகள் பல வருஷம் கழித்து ஓய்ந்துபோகின்றன. அவற்றை நம்பியிருந்த தசைகளும் மூட்டுகளும் வலிக்கத் தொடங்குகின்றன. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவைப் போலியோ இல்லாத பகுதியில் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் தலைமுறையின் கால்கள் இன்னமும் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தின் வரிசையில்தான் நிற்கின்றன.

இந்தக் காலோடு நான் பாட்டு கேட்கப் போகிறேன். வீட்டில் செல்போனில் கேட்கலாமே என்று சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். நேரில் கேட்பதில் இருப்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

பெரம்பூரில் கன்ட்ரி மியூசிக்கா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரைத் தெரியாது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். ஒரு பக்கம், அதற்கு வெகுகாலம் முந்திய கேரேஜ் ஒர்க்ஸ் இன்னொரு பக்கம். டிரைவர், கார்டு, ஃபோர்மேன் வேலைகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. ரயில்வே இன்ஸ்டிடியூட் நடனங்களும் கிறிஸ்துமஸ் டான்ஸும் அவர்கள் வாழ்வோடு கலந்தவை. கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1964-இல் நாஷ்வில் பக்கத்தில் விமான விபத்தில் இறந்தபோது எங்கள் தெரு ஆன்ட்டிகள் வீட்டு மனிதர் போனதுபோல அழுதார்கள் என்று அம்மா சொல்வார். பலர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். இருப்பவர்கள் டிசம்பரில் இன்னும் ஹால் எடுத்து, பேண்ட் வைத்து ஆடுகிறார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னைத் தவறாமல் கூப்பிடுவார். "யூ கம், மா. உனக்கு சேர் நான் பிடிச்சு வைக்கிறேன்."

அந்த ஹாலின் தரை மரப்பலகை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, பூட்டை அவிழ்க்காமல் காலிப்பர் காலைத் தரையில் நீட்டி வைப்பேன். பேஸ் கிடார் தொடங்கியதும் பலகை அதிரும். அந்த அதிர்வு பூட்ஸின் குதிகாலுக்குள் செருகிய இரும்புக் கம்பி வழியாக ஏறி, முழங்கால் பூட்டைத் தாண்டி, தொடையில் இறுக்கிய தோல் பட்டை வரை வரும். போலியோ தொடுவுணர்வை எடுத்துக்கொள்வதில்லை. அசைக்கும் நரம்பை மட்டும்தான் எடுக்கும். அதனால் அசையாத அந்தக் காலில் ஒவ்வொரு தாளமும் எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. ஆடுகிறவர்களுக்குக்கூட இப்படிக் கேட்குமா, தெரியவில்லை.

வலிக்கும் இடத்தை எல்லாரும் தேய்த்துவிடுகிறோம் இல்லையா? அதற்கு ஒரு விளக்கத்தை 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் எழுதினார்கள். தொடுதலையும் அதிர்வையும் கொண்டுவரும் தடித்த நரம்புகள் முதுகுத்தண்டில் ஒரு கதவைச் சாத்துகின்றன, வலிச் செய்தி மூளைக்கு முழுதாகப் போவதில்லை என்றார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சி அதில் நிறையத் திருத்தியிருக்கிறது. கச்சேரியால் என் வலி போய்விடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். முதல் ஒரு மணி நேரம் அது பாட்டுக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் முன்னால் வந்துவிடுகிறது. மறுநாள் எழுந்து காபி போடக்கூட முடியாது. அதனால் சனிக்கிழமைக் கச்சேரிகளை மட்டும்தான் ஒத்துக்கொள்கிறேன்.

ஹேங்க் வில்லியம்ஸின் பாட்டை அந்த பேண்ட் எடுக்கும்போது மட்டும் நான் வேறு மாதிரி கேட்கிறேன். அவருக்குப் பிறவியிலேயே முதுகெலும்பில் குறை. வாழ்நாள் முழுக்க முதுகுவலி, அதற்கு மார்ஃபினும் சாராயமும். 1953 புத்தாண்டு நாளில், ஒஹாயோவில் பாடவேண்டிய கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டில் இறந்துகிடந்தார். வயது 29. அவர் மேடைக்கு எந்த உடம்போடு ஏறினார் என்று தெரிந்த பிறகு, அந்தச் சுகமான மெட்டுகளில் ஓர் ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்கிறது.

டிசம்பர் டான்ஸ் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ராயபுரம் அப்படியில்லை, அது பயணம். போன வருஷம் ஒரு காதணி விழாவுக்குத் தெருவில் மேடை போட்டுக் கானாக் கச்சேரி வைத்திருந்தார்கள்; கூட வேலை பார்த்தவர் வீட்டு விசேஷம். கன்ட்ரி கேட்கிறவள் கானாவுக்கு ஏன் போகிறாள் என்று என் தம்பிக்குக் கேள்வி. சுமை தூக்கியவனும் ரயிலில் திரிந்தவனும் ஜெயிலுக்குப் போனவனும் செத்த நண்பனுக்காக அழுபவனும் இரண்டிலும் பாடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே தெரு.

பெரம்பூரிலிருந்து பீச் போகும் மின்சார ரயில் வியாசர்பாடி ஜீவா, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று நிற்கும். பயண நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தை யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. எந்தப் பிளாட்பாரத்துக்கு வண்டி வரும், நடைமேம்பாலம் ஏறணுமா என்பதைத்தான் சொல்லணும். எனக்குப் படி ஏறுவது ஒரு கணக்கு. நல்ல கால் மேலே, பிறகு ஊன்றுகோல், பிறகு காலிப்பர். இறங்கும்போது தலைகீழ். பின்னால் அவசரமாக வருபவர்கள் மூச்சு விடுவது கழுத்தில் படும். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறிவிட்டால் உட்கார இடம் உண்டு. பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்ட, அன்றைக்கு ஒரு பையன் கேட்காமலே கையை நீட்டினான். ஆனால் இழுக்கவில்லை. "எப்போ ரெடியோ அப்போ பிடிங்கக்கா" என்று கையை அப்படியே வைத்திருந்தான். உதவி செய்யத் தெரிந்த பிள்ளை.

ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை வரும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம். ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ பிடித்தேன். ராபின்சன் பூங்கா பக்கமாகப் போகும்போது, 1949-இல் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் இங்கேதான் நடந்தது என்று டிரைவர் தன் தாத்தாவே நின்று கேட்டதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார். தெருமுனையில் நிறுத்தினார். "அக்கா, உள்ள பந்தல் போட்டுக்கீறாங்க, வண்டி போவாது. மெதுவா இறங்கு, நான் நிக்கிறேன்."

மேடை வரை ஐம்பது அடிதான் இருக்கும். தரையில் ஜெனரேட்டர் ஒயர், பந்தல் கயிறு, கவிழ்ந்த பிளாஸ்டிக் சேர், மீன் ஐஸ் உருகி வழிந்த ஈரம். ஈரத்தில் ஊன்றுகோலின் ரப்பர் புஷ் வழுக்கும். கானாக் கச்சேரியில் பெண்கள் மாடியிலும் வாசற்படியிலும் இருந்து பார்ப்பதுதான் அதிகம். அன்று எனக்கும் ஒரு வீட்டுத் திண்ணையைக் காட்டினார்கள். நான் கேட்டது வேறு. ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே வேண்டாம், அது தலைக்குள் குத்தும். கடைசி வரிசையும் வேண்டாம், எல்லாரும் எழுந்து நின்றால் முதுகுதான் தெரியும். டோலக் அடிப்பவரின் கை தெரிகிற இடம் வேண்டும், பக்கத்தில் காலை நீட்ட ஓர் ஆள் அகலம் வேண்டும். மேடை கட்டிய தம்பி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மேடையின் இடது ஓரத்தில், கூட்டத்துக்குள்ளேயே, கை வைத்த மரநாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். பின்னால் இருப்பவர்களிடம், "அக்கா காலு, யாரும் இடிக்காதீங்கப்பா" என்று ஒரே தடவை சொன்னான். அவ்வளவுதான் அவன் செய்தது. அன்று நான் எல்லாரோடும் உட்கார்ந்து கேட்டேன்.

டோலக்கும் டேப்பும் சேர்ந்து விழும்போது மரநாற்காலியின் கை நடுங்கும். பாடியவர் துக்கக் கானாவுக்கு இறங்கியபோது, மாடியில் சிரித்துக்கொண்டிருந்த பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். மரணத்துக்குப் பாடிப் பழகிய குரல் அது, விசேஷ வீட்டிலும் அது மாறவில்லை. இசைவாணி மாதிரி ஒரு ராயபுரத்துப் பெண், ஆண்கள் மேடையில் ஏறி கானா பாடி, 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தத் தெருவில் உட்கார்ந்தால்தான் புரியும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் முதல் கச்சேரி நடந்தபோது நான் கட்டிலில் கிடந்தேன். இன்றைக்கும் அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை.

கச்சேரி பாதியில் நான் கிளம்பினேன். காரணம் வலி இல்லை, கழிப்பறை. இதை வெட்கப்படாமல் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். கச்சேரி என்றால் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும் பெண்கள் எத்தனை பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். காலிப்பரோடு குத்துக்கால் இட்டு உட்கார முடியாது. மேற்கத்திய பேசின், பிடிக்க ஒரு கம்பி, உள்ளே திரும்பும் அளவுக்கு அகலமான கதவு இருந்தால் என் மாலை இரண்டு மணி நேரம் நீளும். சில வருஷம் முன்பு நகரத்தின் ஒரு பெரிய அரங்கில், மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை என்று போர்டு மாட்டிய அறையைத் திறந்தால் துடைப்பமும் பழைய பேனர்களும் இருந்தன.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29-ஆம் பிரிவு கலைக்கும் பொழுதுபோக்குக்கும் என்றே இருக்கிறது. மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க அரசும் உள்ளாட்சியும் வழிசெய்யவேண்டும் என்கிறது. நகரமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. மெரினாவில் 2022 நவம்பரில் கடல் பக்கம் போக மரப்பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடி சரிசெய்தார்கள். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. நீதிமன்றத்துக்குப் பல வருஷம் நடந்து எங்கள் ஆட்கள் வாங்கிய தாழ்தளம் அது. முதல் முறை அதில் ஏறியபோது ஒரே எட்டு, உள்ளே இருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தபோதும் நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் ஆட்டிட்யூட் இஸ் எவ்ரிதிங் என்ற அமைப்பு 2000-இலிருந்து இதே வேலையைச் செய்கிறது. காது கேளாதவர்கள், மாற்றுத்திறனாளிகள் கச்சேரிக்கு எப்படி வருவார்கள் என்று அரங்கங்களோடு பேசுகிறார்கள். வாசல், படி, கழிப்பறை விவரங்களை முன்கூட்டியே வெளியிடு என்பது அவர்கள் வலியுறுத்துவதில் ஒன்று. நம் ஊர்க் கச்சேரி நோட்டீசில் பாடகர் படத்துக்குக் கீழே இரண்டு வரி போதும்: எத்தனை படி, எங்கே கழிப்பறை. தெருக் கச்சேரிக்கு அந்த இரண்டு வரியை அச்சடிக்கவும் வேண்டாம், மைக்கில் சொன்னால் போதும்.

பெரம்பூர் லூர்து மாதா கோவிலுக்குப் பிப்ரவரி 11 திருவிழாவில் நோயாளிகள் திரண்டு வருவார்கள். அந்த நாளைக் கத்தோலிக்கத் திருச்சபை நோயாளிகளின் உலக நாளாகவும் வைத்திருக்கிறது. நடக்கமுடியாதவர்களைத் தூக்கிக்கொண்டும் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டும் வருபவர்களுக்குக் கூட்டம் வழிவிடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மன்றாடப் போகும் எங்களுக்கு வழிவிட இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். சந்தோஷத்துக்குப் போகும்போதும் அதே வழி வேண்டும்.

2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் மறுபடி வந்த சென்னை சங்கமம் கலைவிழா எங்கள் முரசொலி மாறன் பூங்காவுக்கும் வந்தது. பறையாட்டம் வைத்தால் மேம்பாலத் தூண்கள் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டில் வந்து நிற்கும். வரும் பொங்கலுக்கும் போக நினைத்திருக்கிறேன். அதற்கு முன் டிசம்பர் டான்ஸ். ஹால் வாசலில் மூன்று படி. ஆன்ட்டியின் மகன் பலகை அடித்துச் சாய்தளம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊன்றுகோல் வழுக்கும் என்று அளவு எழுதிக் கொடுத்தேன். பலகைக்கு மேல் ஒட்டச் சொரசொரப்பான ரப்பர் பாய் வாங்க, நாளைக்குப் பேப்பர் மில்ஸ் ரோட்டுக்கு இரண்டு பேரும் போகிறோம்.