கானில் நடக்கிற புலி

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

பின் லயத்து நாயை இராத்திரியிலிருந்து காணோம். "புலிதான்" என்கிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தைக்கு அதுதான் பெயர். ஏழாம் நம்பர் மலையில், மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானில், என் உள்ளங்கை அகலத்துக்குத் தடம். நகம் பதியவில்லை. நாயென்றால் பதிந்திருக்கும்.

பெப்ரவரி 7, புதன்

விடிவதற்கு முன்பே அம்மாயியோடு வாசலில் உட்கார்ந்தேன். டீவியில் ஆப்பிரிக்கச் சிங்கம் முழு உடம்பையும் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். இங்கே தேயிலை இடுப்பளவு; புலி அதற்கும் கீழே. எதிரே செடிகளைக் கட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் மட்டும்தான் மறைவில்லை.

எதுவும் தெரியவில்லை. ஆனால் ஓடைக்காட்டில் மந்திகள் குரைத்தன. கீழே தொடங்கிய குரைப்பு மரத்துக்கு மரம் தாவி மேலே ஏறியது. புலி போன வழியைக் காதால் பார்த்தோம்.

பெப்ரவரி 9, வெள்ளி

கண்டேன்! விடிகிற வெளிச்சத்தில் கானிலிருந்து ஏறியது. வால் மேலே வளைந்திருந்தது. நுனியின் அடிப்புறம் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்தபடி பின்னால் ஒரு குட்டி. நடுவழியில் குட்டி நின்று, காய்ந்த மிலாறுக் குச்சி ஒன்றைக் கவ்வி இழுத்தது. தாய் திரும்பவில்லை, அதட்டவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டது. குட்டிக்கு விளையாட்டு அலுத்ததும் எழுந்து நடந்தது.

"நமக்கு முன்னாலேயே பெரட்டுக்குப் போயிட்டு வருது பாரு" என்றாள் அம்மாயி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்தான் பெரட்டு.

பெப்ரவரி 11, ஞாயிறு

இலங்கைக் காட்டில் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. சிறுத்தைக்கு மேலே மிருகமே கிடையாது. ஹோட்டன் சமவெளியில் மரையை அடிக்கும். தோட்டத்தில் முள்ளம்பன்றியும் நாயும் அகப்படும்.

இன்று அதே கானில் நடந்தேன். முழங்கால் உயரத்தில் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு சுருக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று இப்படித்தான் மாட்டியது. சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

சுருக்கு வைத்தது யாரென்று தெரியும். மாமாவின் உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றி கிளறி மூன்று நாளாகிறது. பன்றிக்கு வைத்த கம்பிக்குப் பன்றியையும் புலியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெப்ரவரி 12, திங்கள்

"கான் பக்கம் ஒரு கம்பி கிடந்துச்சே, பார்த்தியா?" என்றார் மாமா.

நான் வாய் திறப்பதற்குள் அம்மாயி முந்திக்கொண்டாள்: "கம்பியை விடு. கூரையிலே கழற்றின பழைய தகரம் கிடக்குது. பாத்தியைச் சுத்தி அடைப்போம், வா."

சாயங்காலம் வரை மூன்று பேரும் தகரம் அடித்தோம்.