கோயிலுக்கு நடக்கும் தூரம்

மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான். "இந்த வயதில் நீங்கள் இருவரும் காவேரிப்பாக்கத்தில் தனியே இருக்க வேண்டாம் அப்பா. சென்னையிலோ காஞ்சியிலோ ஒரு வீடு பாருங்கள்; எல்லோரும் சேர்ந்திருப்போம்" என்றான். அவன் சொல்லைத் தட்ட இயலவில்லை. வீடு பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

மயிலையில் கபாலீசுவரர் மாடவீதியை ஒட்டிக் குடியிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பங்குனியில் அறுபத்துமூவர் புறப்பாட்டை வாசலில் நின்றே சேவிக்கலாமே! ஆனால் அங்கே கேட்ட வாடகை மகனின் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டவர்களும் உண்டு. நங்கநல்லூரில் வாடகை சற்றுக் குறைவு. 32 அடி உயர ஆஞ்சநேயரின் திருவடி நிழல் வேறு. ஆயினும் கிடைத்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது; லிப்ட் இல்லை. மூட்டுவலியுள்ள என் துணைவியார் ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏறுவது எப்படி?

சின்ன காஞ்சிபுரத்தில் தரைத்தளத்திலேயே வீடு அமைந்தது. மயிலையில் கேட்டதில் பாதிக்கும் குறைவான வாடகை. மகனும் பேருந்தில் வேலைக்குச் சென்று திரும்பலாம். வரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அத்திகிரியின் 24 படிகளை இவரால் நாள்தோறும் ஏற இயலாதுதான். ஆனால் திருவெஃகா, அட்டபுயகரம், விளக்கொளிப் பெருமாள் சந்நிதி ஆகிய மூன்றும் அருகிலேயே உள்ளன.

எனினும் துணைவியார் மனம் இசையவில்லை. "திருப்பாற்கடலில் ஆவுடையார்மேல் நின்றருளும் நம் பிரசன்ன வேங்கடேசரைச் சனிக்கிழமைதோறும் சேவித்தோமே, அவரை விட்டுவிட்டு எப்படி வருவது?" என்று கண் கலங்கினார். வாடகைக் கணக்கில் இதற்கு விடையில்லை.

திருவெஃகாவின் வரலாறே விடை தந்தது. கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது, அவருடைய ஆசாரியரான திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். ஆழ்வார் அழைக்கவே, பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடமே ஓரிருக்கை. மன்னன் பிழை உணர்ந்து வேண்டவே, ஆழ்வார் சொற்படி பெருமாள் திரும்பி வந்து பள்ளிகொண்டார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்னும் திருநாமமும் பெற்றார். அடியார் பின்னே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்த பெருமாள் நம்மை மட்டும் விட்டுவிடுவாரா? இதைச் சொன்னதும் துணைவியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாதம் ஒருமுறையாவது திருப்பாற்கடலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்" என்றார். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணந்தானே! இசைந்தேன்.

முதுமையில் ஊர் மாறும் அன்பர்களுக்குச் சில சொற்கள். வீட்டைப் பகலில் ஒருமுறையும் விளக்கு வைத்த பின் ஒருமுறையும் சென்று பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து சந்நிதி வரை நீங்களே நடந்து பாருங்கள், படிகளை எண்ணுங்கள். குடிநீர் எப்படி வருகிறது, பராமரிப்புச் செலவு தனியா என்று கேளுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது. பெரிய கோயிலின் பெயரைவிட, நம் கால்கள் நாள்தோறும் சென்று திரும்பக்கூடிய சந்நிதியே முதுமைக்குத் துணை. வாடகை கொடுத்த பிறகு மருந்துக்கும், விளக்குக்கு நெய்க்கும் கையில் பணம் மிஞ்ச வேண்டும்.