ரூபாய்க்கு எத்தனை பைசா?

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆறேழு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள்தான். குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதில் 25 கேள்வி கணக்கும் மனத்திறனும். சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் இதற்குள் வரும். கால்குலேட்டர் கிடையாது.

ஆகவே சதவீதத்தைக் கண்டவுடன் தசமமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். விதி எல்லோருக்கும் தெரியும். நூறால் வகுக்க வேண்டும். அதாவது புள்ளியை இடப்பக்கம் இரண்டு இடம் தள்ள வேண்டும். 45% என்றால் 0.45. இதில் யாரும் தவறுவதில்லை. 7% கேட்டால் சில பேர் 0.7 என்கிறார்கள். 0.5% கேட்டால் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். ஒரு பையன் மட்டும், "அது ஏற்கெனவே தசமமாத்தானே டீச்சர் இருக்கு?" என்றான். அப்படியே 0.5 என்று எழுதியும் வைத்திருந்தான். 0.5 என்பது பாதி. 0.5% என்பது நூற்றில் அரை. இரண்டுக்கும் இருநூறு மடங்குக்கு மேல் இல்லை என்றாலும் நூறு மடங்கு வித்தியாசம் உறுதி!

உங்களுக்கெல்லாம் நான் இதை எப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைவிருக்கிறதா? ரூபாயும் பைசாவும்தான். 7% என்றால் ரூபாய்க்கு 7 பைசா. 7 பைசாவை எப்படி எழுதுவோம்? ரூ. 0.07. அவ்வளவுதான், வேலை முடிந்தது. 0.7 என்று எழுதினால் அது 70 பைசா. 0.5% என்றால் ரூபாய்க்கு அரைப் பைசா, 0.005. 125% என்றால் ஒன்றேகால் ரூபாய், 1.25. இலங்கையில் ரூபாயின் நூற்றில் ஒரு பங்குக்குச் சதம் என்றே பெயர். சதவீதத்தில் இருக்கிற அதே சதம்தான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், இந்தப் பிள்ளைகள் பைசாவைக் கையில் வைத்து எண்ணியதே இல்லை. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. இன்று தேர்வு எழுதுகிறவர்களில் பலர் அன்று பால்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் இருந்தவர்கள். நமக்கு விரல் நுனியில் இருந்த நூற்றில் ஒரு பங்கு அவர்களுக்குப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் பெட்ரோல் பங்க் ரசீதையும் கரண்ட் பில்லையும் கொண்டுவரச் சொல்லி, புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு இலக்கத்தைப் படிக்க வைக்கிறேன்.

நம் பாட்டிமார் சொன்ன கணக்கும் உதவும். ஒரு மா என்பது இருபதில் ஒன்று, அதாவது 5%, 0.05. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, 12.5%, 0.125. கேள்வியில் 12.5% வந்தால் பெருக்கிக்கொண்டிருக்காமல் எட்டால் வகுத்துவிடுங்கள். 33⅓% வந்தாலும் தசமம் வேண்டாம், மூன்றால் வகுத்தால் போதும்.

தசமத்தின் பலம் தெரிவது விலைக் கணக்கில். 20% தள்ளுபடி, அதற்கு மேல் 10% என்றால் மொத்தம் 30% அல்ல. 0.80 × 0.90 = 0.72. ஆக, தள்ளுபடி 28%தான். 18% ஜிஎஸ்டி சேர்த்து ஒரு பொருள் 1,180 ரூபாய் என்றால், வரி இல்லாத விலை என்ன? 1,180-ல் 18%-ஐக் கழித்தால் 967.60 வரும். அது தவறு. 1.18-ஆல் வகுங்கள், 1,000 வரும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் தனிவட்டி நடத்தும்போது, "நம்ம ஊர்ல ரெண்டு வட்டி, மூணு வட்டின்னு சொல்றாங்களே, அது என்ன?" என்று கேட்டேன். வருடத்துக்கு 3% என்றார்கள் எல்லோரும். இல்லை. அது மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய். வருடத்துக்கு 0.03 × 12 = 0.36, அதாவது 36%. சொல்லி முடித்ததும் ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து சொன்னாள். அவள் அம்மா வீட்டுவேலை செய்கிறவர். 40,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கி, 22 மாதமாக வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"நீயே போட்டுப் பாரு கண்ணு" என்றேன். 40,000 × 0.03 = 1,200. அதை 22-ஆல் பெருக்கி 26,400 என்று எழுதினாள். அசல் அப்படியே நிற்கிறது. வீட்டில் ஒரு சங்கிலி இருக்கிறதாம். பேங்கில் அடகு வைத்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா பயந்து தொடவில்லை.

மறுநாள் அம்மாவையும் அழைத்து வந்தாள். நான் வாயே திறக்கவில்லை. மகள்தான் நோட்டில் எழுதிக் காட்டினாள். நகைக்கடன் வருடத்துக்கு 9% என்று பேங்கில் கேட்டு வந்திருந்தாள். 40,000 × 0.09 = 3,600. மாதம் 300 ரூபாய். "இங்க 1,200, அங்க 300. மிச்சம் 900-ஐ மாசாமாசம் அசல்ல கட்டலாம்மா." அந்த அம்மா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணுன்னா சின்ன நம்பர்தானேன்னு நெனச்சேன் டீச்சரம்மா" என்றார்.

அடுத்த வாரமே அந்தக் கடனை அடைத்துவிட்டார்கள். அந்தப் பெண் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்குவாளோ, இந்தக் கணக்கில் என்னைப் பொறுத்தவரை முழு மதிப்பெண் வாங்கிவிட்டாள்.

ஆகவே பிள்ளைகளே, சதவீதம் என்று யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். ரூபாய்க்கு எத்தனை பைசா? அது மாதத்துக்கா, வருடத்துக்கா? தேர்வுத்தாளில் மட்டுமல்ல, கையெழுத்துப் போடும் எல்லாத் தாளிலும் இதைக் கேளுங்கள். பத்து லட்சம் வீட்டுக்கடனில் வட்டி 0.5% ஏறினால் வருடத்துக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் கூடும். 0.005 என்று எழுதத் தெரிந்தால் இது தானாக வரும்.

வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? தசமமாக்குங்கள்: 4%, 0.25%, 150%, 6.25%, 0.08%. விடையைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பட்டும். பெற்றோர்கள் போட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டாம். உங்கள் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும்!