ஆறுமணிக் குருவி மோதிய கண்ணாடி

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த ஒக்டோபர் கடைசியில் ஒரு காலை. முதலாம் பாடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. எங்கள் பாடசாலைக் கணினி அறைக் கண்ணாடியில் "டொக்" என்று ஒரு சத்தம். பந்து பட்டுவிட்டது என்று நினைத்து வெளியே ஓடினோம். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு வயிறு, வாலடியில் சிவப்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு குருவி கிடந்தது. தரம் 7 பிள்ளை ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர், மௌத்தாகிட்டு" என்றார்.

ஆறுமணிக் குருவி. சிங்களத்தில் அவிச்சியா. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் இந்தப் பெயர். உடவத்தகெலே பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் குரல் பழக்கம். பிள்ளைகள் அதை நம்ம ஊர்க் குருவி என்றே நினைத்திருந்தார்கள். ஆனால் அது விருந்தாளி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. இரவில்தான் பயணம். ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். எடை ஐம்பது, அறுபது கிராம்தான். அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த உயிர், எங்கள் கண்ணாடியில் முடிந்துபோனது.

அந்தக் கண்ணாடிக்குப் பெற்றோரிடமும் பழைய மாணவரிடமும் காசு சேர்த்தது நாங்கள்தான். அறை வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். கண்ணாடியில் மரமும் வானமும் தெரியும். குருவிக்கு அது மரமும் வானமும்தான்.

அன்று பாடத்தை விட்டுவிட்டு வரைபடத்தை விரித்தோம். சைபீரியாவிலிருந்து இந்து சமுத்திரம் வரை சுமார் 30 நாடுகளைத் தொட்டு ஒரு வான்பாதை இருக்கிறது. மத்திய ஆசிய வலசைப் பாதை என்பார்கள். அதன் தென் எல்லையில் இருப்பது நமது நாடு. இந்தியாவிலிருந்து வரும் பறவைகள் பலவற்றுக்கு மன்னார்தான் வாசல். தனுஷ்கோடியிலிருந்து ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகள் வழியே வந்தால் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றரில் தலைமன்னார். மன்னாரிலேயே வங்காலைச் சரணாலயம். 2010 முதல் அது ராம்சார் ஈரநிலம். பூநாரை, உள்ளான், ஆலா என்று பருவத்துக்குப் பெருங்கூட்டம் வந்து இறங்கும் இடம்.

உம்மம்மா வீடு எருக்கலம்பிட்டியில் உள்ள ஒரு பிள்ளை அப்போது கேட்டார்: "டீச்சர், அங்க பெரிய பெரிய காத்தாடி இருக்கே, அதிலயும் மோதுமா?"

மோதும். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அடுத்து அதானி நிறுவனம் அதே தீவில் 250 மெகாவாட்டுக்கு 52 காற்றாலைகள் அமைக்க முன்வந்தது. சூழல் அமைப்புகள் 2024இல் உயர் நீதிமன்றம் சென்றன. 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. அதற்கு முன்னால் நின்ற பிரச்சினை மின்சார விலை. அதே வருடம் ஓகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதிக்கு இறங்கினார்கள். பறவையோடு வெள்ளம், மீன்பிடி, மணல் அகழ்வு என்ற கவலைகளும் அவர்களுக்கு இருந்தன.

இதை ஆசிரியர் அறையில் பேசியபோது ஒரு சேர் கோபப்பட்டார்: "அப்ப குருவிக்காக கரண்ட் வேணாமெண்டு சொல்றீங்களா? 2022ஐ மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் சாதாரண தரப் பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்ததை நாங்கள்தானே பார்த்தோம். நுரைச்சோலை நிலக்கரிப் புகையும் நல்லதல்ல. காற்று மின்சாரம் நமக்கு வேண்டும். அந்த சேர் இன்னொன்றும் சொன்னார்: காற்றாலையைவிடப் பூனையும் கண்ணாடியும்தானே அதிகம் கொல்கின்றன? அதுவும் உண்மை. அமெரிக்காவில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். வருடத்துக்குப் பூனைகளால் சாகும் பறவைகள் நூறு கோடிக்கும் மேல். கட்டடக் கண்ணாடிகளில் 36 கோடி முதல் 100 கோடி வரை. காற்றாலைகளில் சில இலட்சம்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் கணக்கல்ல. பூனையிடம் சிக்குவது பெரும்பாலும் சிறு குருவிகள். அவை வருடத்துக்குப் பல முட்டைகள் இடும். காற்றாலையிலும் மின்கம்பியிலும் கழுகு, பருந்து, பூநாரை போன்ற பெரிய பறவைகளும் அடிபடுகின்றன. பூநாரை வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும். அதில் சில நூறு போனாலும் ஈடு செய்வது கஷ்டம். அதனால் கேள்வி "காற்றாலை வேண்டுமா வேண்டாமா" என்பதல்ல, "எங்கே" என்பதுதான். வீட்டுக்குக் கதவு வேண்டும். அதற்காக அடுத்த வீட்டான் நடக்கும் பாதையில் கதவு வைப்போமா? காற்று வீசும் இடங்கள் நாட்டில் வேறும் உண்டு. பறவைக்கு வாசல் அதிகமில்லை.

கட்டிவிட்ட காற்றாலைக்கும் வழி இருக்கிறது. ஸ்பெயினின் தெற்கில் கழுகுகள் நெருங்கும்போது ஆபத்தான காற்றாலையை மட்டும் சிறிது நேரம் நிறுத்தினார்கள். சாவு பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் இழப்பு ஒரு வீதம்கூட இல்லை. நோர்வேயில் சில காற்றாலைகளின் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்பு வர்ணம் பூசிப் பார்த்தார்கள். அங்கும் சாவு வெகுவாகக் குறைந்தது. இதையெல்லாம் மன்னாரில் கேட்க வேண்டியது நாம் எல்லோரும்தான். அந்தக் கரண்டில் நமது வீட்டு மின்குமிழும் எரிகிறது.

மன்னாருக்குச் சொல்ல முதல் நமது கண்ணாடியைத் திருத்துவோம் என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது. அதற்குப் பக்கத்தால் வந்து மோதும். கண்ணாடிக்கு வெளிப்பக்கம், நாலு விரல் இடைவெளியில் மேலிருந்து கீழாக வெள்ளை நூல் கட்டினோம். பார்க்க அவ்வளவு அழகில்லை. "இதென்ன, பந்தலா?" என்று கேட்டவர்களும் உண்டு. அதற்குப் பிறகு ஏப்ரல் வரை ஒரே ஒரு குருவிதான் மோதியது. சப்பாத்துப் பெட்டியில் துளையிட்டு, இருட்டான அமைதியான இடத்தில் ஒரு மணித்தியாலம் வைத்தோம். தண்ணீர் பருக்கவில்லை, கையில் வைத்து விளையாடவுமில்லை. மூடியைத் திறந்ததும் வேலியோரப் பற்றைக்குள் பறந்துபோனது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அதிபரே வெளியே வந்துவிட்டார்.

கண்டி வாவிக்கரையில் மழை இல்லாமலே குடை பிடித்து நடக்கும் ஊர்க்காரர் நாம். பறவையோடு வாழ்வது கொஞ்சம் கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் குஞ்சுகளைப் பிடித்து வந்த தோழர்களிடம், அவற்றைத் தாய்ப் பறவையிடமே திருப்பி வைக்கச் சொன்ன நபியவர்களின் வரலாற்றைத்தான் நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம்.

அக்குறணையில், மடவளையில், கட்டுகஸ்தோட்டையில் புதிதாகக் கண்ணாடி வைத்துக் கட்டும் உறவுகளே, ஒக்டோபருக்கு முன் ஒரு நூல்பந்து வாங்குங்கள். ஏப்ரல் வரை அதிகாலையில் பூனையை வீட்டுக்குள் வையுங்கள். பிள்ளைகள் நூல் கட்டித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். கேட்டால் போதும்.