ஆறாத புண்ணும் அருவித் தண்ணியும்

சாரல் ஆரம்பிச்சா குற்றாலத்துக்கு எல்லாரும் குளிக்க மட்டும் வர்றதில்லை மக்களே. கால்ல வருஷக்கணக்கா ஆறாத புண்ணோட சிலர் வருவாங்க. "மூலிகைத் தண்ணி பட்டா ஆறிரும்"னு ஒரு நம்பிக்கை. மலையில மூலிகை இருக்குறது உண்மைதான். அதுக்காக ஐந்தருவித் தண்ணி மருந்தாகிடாது.

அந்தப் புண்கள்ல சிலது தோல் புற்றுநோயா மாறும். இந்த த்ரெட் அதைப் பத்திதான்.

மார்ஜொலின் அல்சர்னு பேரு. 1828-ல ழான் நிக்கோலா மார்ஜொலின்ங்கிற பிரெஞ்சு சர்ஜன் தழும்புல வளர்ற புண்ணைப் பத்தி எழுதினார். வேடிக்கை என்னன்னா, அது கேன்சர்னு அவர் சொல்லவே இல்லை. பேரு மட்டும் அவருக்கு நின்னுடுச்சு.

முக்கியமா பழைய தீக்காயத் தழும்புல வரும். மூட்டு மடங்குற இடத்துல தழும்பு இருந்தா அடிக்கடி வெடிக்கும், ஆறும், திரும்ப வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஓரத்துல இருக்குற தோல் செல்கள் பெருகித்தான் அதை மூடணும். இருபது முப்பது வருஷம் இதே வேலையா இருந்தா, ஒரு கட்டத்துல சில செல்லுக்குப் பெருகுறதை நிறுத்தத் தெரியாம போயிடுது. நாள்பட்ட வெரிகோஸ் புண், எலும்புல சீழ் வச்ச புண், தொழுநோயால மரத்துப்போன பாதத்துப் புண், இதுலயும் வரலாம்.

காஷ்மீர்ல குளிருக்கு காங்க்ரிங்கிற நெருப்புச் சட்டியை அங்கிக்குள்ள வச்சுக்குவாங்க. அந்தச் சூடு பட்டுப்பட்டு தொடையிலயும் அடிவயித்துலயும் கேன்சர் வரும். நமக்கு நெருப்பே வேண்டாம், பாவாடை நாடா போதும்! அபூர்வம்தான், ஆனா நாடா இறுகி இடுப்புல கறுத்து, தடிச்சு, புண்ணாகி, கேன்சர் வரைக்கும் போனவங்க உண்டு. பட்டையான நாடாவா போட்டு, கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கம்மா.

பீடி சுத்துற ஒரு அம்மா வந்தாங்க. சின்ன வயசுல அடுப்புத் தீ பட்ட தழும்பு, முழங்காலுக்குப் பின்னாடி. "இத்தனை வருஷமா வலியே இல்ல தம்பி. இப்ப ரத்தம் கசியுது. நாத்தம் தாங்காம பேரன் பக்கத்துல வரமாட்டேங்கான்." பச்சிலை, மஞ்சள், மெடிக்கல்ல வாங்கின ஆயின்மென்ட், எல்லாம் பார்த்தாச்சு. புண்ணோட ஓரம் தடிச்சு, வெளிப்பக்கமா மடிஞ்சு, காலிஃபிளவர் மாதிரி இருந்துச்சு. பயாப்சியில கேன்சர்.

நல்லவேளை, எலும்புக்குப் போகலை, தொடை இடுக்குல நெறியும் கட்டலை. சுத்தி நல்ல சதையோட சேர்த்து அகலமா வெட்டி எடுத்து, தொடைத் தோலை வச்சு மூடினாங்க. எலும்பைத் தொட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்.

"சதை எடுத்துப் பார்த்தா பரவிடும்"னு பயப்படுறீங்க இல்லையா? பரவாது. மூணு மாசமா ஆறாத புண்ணா, பயாப்சி பத்தி டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. ஓரத்துல ரெண்டு மூணு இடத்துல எடுக்கணும்; நடுவுல மட்டும் எடுத்தா வெறும் அழுகின சதைதான் வரும். ஒண்ணும் இல்லைன்னு ரிசல்ட் வந்தும் புண் வளர்ந்துகிட்டே இருந்தா, திரும்ப எடுக்கச் சொல்லுங்க.